அப்டேட் போடும் முன் ஒரு ஸ்நாப்ஷாட்: லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோ கார்டு டிரைவரை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை கறுப்பாக நின்றுவிட்டது, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. லினக்ஸை முதலிலிருந்து போட்டு, மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவி முடிக்க விடியற்காலை மூன்று மணி. இத்தனைக்கும் அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யும் கருவி, நான் ஒருநாளும் திறக்காத ஐகானாக மெனுவிலேயே இருந்தது.

அதுதான் டைம்ஷிஃப்ட். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில் 18.3 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. இன்னொரு வகையான உபுண்டுவில் நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். சிஸ்டம் கோப்புகள் இந்த நிமிடம் இருக்கிற நிலையை ஒரு ஸ்நாப்ஷாட்டாகப் பிடித்து வைத்து, பிறகு கேட்கும்போது அந்த நிலைக்கே கொண்டுபோய் விடும்.

முதல்முறை திறந்தால் பாஸ்வேர்டு கேட்டுவிட்டு, எந்த வகை என்று கேட்கும்: கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், அல்லது அதே பெயருள்ள டிஸ்க் வடிவின் வசதியைப் பயன்படுத்தும் பிடிஆர்எஃப்எஸ். மின்ட்டைப் போடும்போது எதையும் மாற்றாமல் அடுத்து அடுத்து என்று போயிருந்தால் உங்கள் டிஸ்க் ஈஎக்ஸ்டி4 என்ற வடிவில்தான் இருக்கும், ஆர்சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஸ்நாப்ஷாட் நொடியில் முடிந்துவிடும். ஆனால் அது அதே டிஸ்க்கில்தான் இருக்கும்.

அடுத்தது இடம். ஆர்சிங்க் என்றால் வேறொரு டிஸ்க்கைக் கொடுப்பது நல்லது, அதுவும் ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸுக்காக என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்த டிஸ்க் உதவாது, டைம்ஷிஃப்ட் அதை ஏற்காது. இடத்தை மிச்சப்படுத்துவது ஹார்ட் லிங்க் என்ற உத்தி. முதல் ஸ்நாப்ஷாட் எல்லாச் சிஸ்டம் கோப்புகளையும் நகலெடுக்கும், பல ஜிபி பிடிக்கும். இரண்டாவதிலிருந்து மாறிய கோப்புகள் மட்டுமே புதிதாக எழுதப்படும். மாறாதவற்றுக்குப் பழைய நகலுக்கே இன்னொரு பெயர், ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இருப்பதுபோல. அதனால் ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் திறந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், இடமோ கொஞ்சம்தான் போயிருக்கும்.

பிறகு கால அட்டவணை வரும். தினசரி எடுப்பதில் கடைசி 3, வாரம் ஒருமுறை எடுப்பதில் கடைசி 2 வைத்திருந்தால் போதும். உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைச் சேர்க்கவா என்ற கேள்விக்கு, சேர்க்காத நிலையிலேயே விட்டுவிடுங்கள். சேர்த்தால், ரீஸ்டோர் செய்யும்போது, அதாவது பழைய நிலைக்குத் திரும்பும்போது, நேற்று எழுதிய கடிதமும் பழைய நிலைக்குப் போய்விடும். சரி, அப்படியானால் போட்டோக்களுக்குப் பாதுகாப்பு? அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும், ஸ்நாப்ஷாட் அதற்கு மாற்று இல்லை.

இப்போது 'கிரியேட்' பொத்தானை அழுத்துங்கள். முதல் தடவை ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் தேதியும் நேரமும் போட்ட ஒரு வரி பட்டியலில் வரும். அதன் குறிப்புக் கட்டத்தில் 'டிரைவர் மாற்றும் முன்' என்பதுபோல எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேதியை மட்டும் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வராது.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், ஒத்திகை பாருங்கள். ஒரு சின்ன விளையாட்டை நிறுவுங்கள். டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். பிறகு டைம்ஷிஃப்ட்டில் அந்த வரியைத் தேர்ந்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். டிஸ்க் பற்றிய கேள்விகளில் இருப்பதை அப்படியே விட்டு அடுத்ததுக்குப் போங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். விளையாட்டைக் காணோம், 'சோதனை' அங்கேயே இருக்கிறது அல்லவா? ஹோமைத் தொடாமல் சிஸ்டம் மட்டும் பின்னால் போயிருக்கிறது.

திரையே வரவில்லை என்றால் மின்ட்டை நிறுவிய அதே பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். அதிலும் டைம்ஷிஃப்ட் உண்டு. ஸ்நாப்ஷாட் இருக்கும் டிஸ்க்கைக் காட்டினால் பழைய பட்டியல் வந்துவிடும், அப்புறம் அதே 'ரீஸ்டோர்' தான். ஆகவே அந்தப் பென் டிரைவில் சினிமா ஏற்றிவிடாதீர்கள்.

அட்டவணைப்படி எடுத்தவை எண்ணிக்கை தாண்டினால் பழையது தானாகப் போய்விடும். நீங்கள் கையால் எடுத்தவை போகாது, பட்டியலில் 'ஓ' என்ற எழுத்தோடு அப்படியே கிடக்கும். மாதம் ஒருமுறை பார்த்துத் தேவையில்லாததைத் தேர்ந்து 'டெலீட்' கொடுங்கள். கோப்பு மேலாளர் வழியாக ஸ்நாப்ஷாட் இருக்கும் ஃபோல்டருக்குள் புகுந்து கையால் அழிக்க வேண்டாம்.