கீசர் ஒழுகுகிறதா? கெஞ்ச வேண்டாம், எழுதிக் கேளுங்கள்

டிசம்பர் குளிரில், வாங்கி இருபதே நாளான கீசர் ஒழுக ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று கோத்தகிரியில் இருக்கும் என்னைக் கேளுங்கள். கடைக்காரர் "கம்பெனிக்குப் போன் போடுங்க" என்றார், கம்பெனியோ "மலைக்கு ஆள் வர நாளாகும்" என்றது, நாங்கள் ஒரு மாதம் அடுப்பில் வெந்நீர் போட்டோம்.

முதலில் பில்லையும் வாரண்டி கார்டையும் போட்டோ எடுங்கள். பில்லில் மை வெளுத்துவிடும், என்னுடையதில் தேதியே பாதி மங்கிப் போயிருந்தது. ஒழுகும் இடத்தை வீடியோ எடுங்கள். போனில் பேசினால் புகார் எண் கேட்டு வாங்குங்கள், அப்புறம் கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே எழுதுங்கள்: என்ன கெட்டது, எப்போது கெட்டது, பணம் வேண்டுமா புதுப் பொருள் வேண்டுமா, பதினைந்து நாள் கெடு. மின்னஞ்சலோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அசையவில்லையா, 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

அதற்கும் மசியாவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதனால் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் சரி, ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் சரி, இதற்காக மலை இறங்க வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

பொருளின் விலையோடு நிற்காதீர்கள், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். வெந்நீருக்கு எரித்த சிலிண்டர் பில்லையும் நான் கடிதத்தோடு இணைத்திருந்தேன்.