தூண்டில் செலவு கம்போடு முடியாது

மீன்பிடியைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்கள் கம்பு, கயிறு சுற்றும் ரீல் இரண்டின் விலையைத்தான் பார்ப்பார்கள். அது ஒருமுறைச் செலவு. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். பணத்தைக் கரைப்பது சில்லறைச் சாமான்கள்தான்: நரம்பு (தூண்டில் கயிறு), முள் (தூண்டில் கொக்கி), ஈயக்குண்டு, இரை, அப்புறம் போய்வர எரிபொருள். சில இடங்களில் அனுமதிக் கட்டணமும் சேரும். செயற்கை இரை தனி ரகம். அது மீனைவிட நம்மைத்தான் அதிகம் பிடிக்கிறது. நான் வாங்கியதில் பாதி இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

ஒவ்வொரு தடவை போய்வந்ததும் செலவை எழுதிவையுங்கள். 3 மாதம் கழித்து, மொத்தத்தை எத்தனை தடவை போனீர்களோ அதால் வகுத்தால் உண்மையான கணக்கு வரும். கம்பு, ரீல் விலையில் அந்த 3 மாதத்துக்கான பங்கையும் சேர்த்தே வகுக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்க நல்ல இடம் நரம்பு. நைலான் நரம்பில் முதலில் நைவது வீசும்போது வெளியே போகும் பகுதிதான். நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள், சொரசொரவென்று தட்டும். அதற்காக முழுவதையும் எறிய வேண்டாம். திறந்தவெளியில் நீளமாக இழுத்துவிட்டு, நைந்த சில மீட்டரை வெட்டிவிட்டு, அந்த முனையை முதலில் ரீலில் கட்டிச் சுற்றுங்கள். உள்ளே கிடந்த புது நரம்பு மேலே வந்துவிடும்.

கடலில் பிடித்தால் அன்றைக்கே ரீலை நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைத்துவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும்.