இலக்குத் தாளை வீட்டில் அச்சிடும்போது

10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கான இலக்குத் தாளை வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம்; ஆனால் பக்கத்துக்கேற்பப் பொருத்தும் தெரிவு வட்டங்களைச் சுருக்கிவிடக்கூடும் என்பதால், அதை நீக்கிவிட்டு 100 சதவீத அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். தாள் வெளிவந்ததும், கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஓர் ஏ4 தாளில், 80 மில்லிமீட்டர் சதுர இலக்குகள் ஆறு அடங்கும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் குண்டு பட்ட இடம் கிழிந்து பிசிறடிப்பதால், அது 9-ஆம் வளையத்தைத் தொட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதே பெரும்பாடாகிவிடும். விலை சற்றுக் கூடினாலும் தடித்த அட்டையே மேல், அதில் 4.5 மில்லிமீட்டர் குண்டின் துளை ஓரளவு வட்டமாக விழும். பிரிண்டர் அந்தத் தடிமனை இழுக்கவில்லையென்றால், மெல்லிய தாளில் அச்சிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.