காகிதப்பூ பூக்க வேண்டுமா? கொஞ்சம் காயப் போடுங்கள்

இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் காணோம். காகிதப்பூ என்கிற போகன்வில்லா வளர்ப்பவர்களின் வழக்கமான புலம்பல் இது. பெரும்பாலும் காரணம், அளவுக்கு மீறிய கவனிப்புதான்.

புதுச் செடி உண்டாக்க, பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டில் 15 முதல் 20 செ.மீ. நீளக் குச்சியை, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் செம்மண்ணும் சமமாகக் கலந்த பையில் 2 கணுக்கள் புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். துளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் இருக்கும் சேமிப்பிலேயே அது துளிர்த்துவிடும். வேர் பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். தொட்டிக்கு மாற்றும்போது பையை பிளேடால் கிழித்து, மண் உதிராமல் அப்படியே இறக்குங்கள். இதன் வேர் மிக மெல்லியது. மண்கட்டி உடைந்தால் செடி பட்டுப்போகலாம்.

12 அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேரும் இலையும்தான் பெருகும். நேர் வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். இலை லேசாகத் துவளத் தொடங்கும்போது தண்ணீர் ஊற்றினால் போதும். யூரியா வேண்டவே வேண்டாம், அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் கொடிதான் ஓடும். சாம்பல் சத்துள்ள (பொட்டாசியம்) உரம் கொஞ்சம் போடலாம். புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்று பூத்து முடிந்ததும் ஒவ்வொரு கிளையின் நீளத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். முள் இருக்கிறது, கையுறை அவசியம்.

பூ என்று நாம் பார்ப்பது பூவே இல்லை. வண்ணம் ஏறிய மூன்று இலைகள் அவை. பிரித்துப் பாருங்கள்: ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு, நுனி வெளுத்த ஒரு சின்னக் குழல் இருக்கும். அதுதான் பூ. அந்திமந்தாரையும் இதே குடும்பம்தான்.

போகன்வில்லா என்ற பெயர் பிரெஞ்சுக் கடலோடி லூயி அந்துவான் தெ பூகன்வில்லுடையது. 1767-ல் அவருடைய உலகப் பயணக் கப்பல்கள் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, உடன் சென்ற தாவரவியலாளர் கொமர்சோன் இச்செடியைச் சேகரித்தார். அவருக்கு உதவியாக இருந்தவர் ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண். உழைத்தவர்கள் அவர்கள், பெயர் தலைவருக்கு!

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்ணமெல்லாம் கொட்டினால் பதறாதீர்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கவாத்தை மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.