பெப்ரவரியில் ஒரு வாசிப்பு வகுப்பு தொடங்குங்கள்

பெப்ரவரி, அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். அந்த மக்களின் வரலாற்றை மதிக்க வேண்டுமென்றால், படம் பகிர்வதோடு நிற்காமல் அவர்கள் செய்த ஒரு வேலையைத் திருகோணமலையில் செய்து பாருங்கள். 1957இல் தென் கரோலினாவின் ஜோன்ஸ் தீவில், வாசிக்கத் தெரியாதவர்களை வாக்காளராகப் பதிய மறுத்த காலத்தில், சிகையலங்காரத் தொழில் செய்த பெர்னிஸ் ராபின்சன் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். என்ன படிக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, உங்கள் பகுதி வாசிகசாலையில் ஒரு மேசை கேளுங்கள். பிரதேச செயலகப் படிவமோ வங்கிக் கடிதமோ, வருபவர் கொண்டுவருவதே பாடம். திருக்கடலூர் மீனவர்கள் வர வேண்டுமென்றால் நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். அப்புறம், படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள், பேனா அவர்கள் கையிலேயே இருக்கட்டும். முதல் நாள் அவரவர் பெயரை எழுதினால் போதும்.