டொலுவீனைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயின்ட் தின்னர், காலணி ஒட்டும் பசை, நெகிழி உறைகளில் அச்சிடப் பயன்படும் கிராவூர் மை எனப் பல பொருள்களில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் டொலுவீன், நிறமற்றது. சற்றே இனிய மணம் கொண்டது. பெட்ரோலுக்கு அஞ்சுகிற அளவுக்கு இதற்கு யாரும் அஞ்சுவதில்லை. பெட்ரோல் பங்கில் ஒருவர் பீடி பற்றவைத்தால் அதட்டுகிறவரே, தம் பட்டறையில் தின்னர் வாளியைத் திறந்து வைத்துவிட்டு நாலடி தள்ளி வெல்டிங் நடக்க விட்டுவிடுவார். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தியாவின் பெட்ரோலிய விதிகள், 23 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியை எழுப்பக்கூடிய ஹைட்ரோகார்பன் திரவங்களை ஒரே ‘ஏ’ வகுப்பில் வைத்திருக்கின்றன. டொலுவீனுக்கு அந்த வெப்பநிலை சுமார் 4 டிகிரி. கொடைக்கானலின் மார்கழிக் குளிரிலும் பெரும்பாலான நாள்களில் இது தீப்பற்றத் தயாராகவே இருக்கும்.

தவறுகளில் முதலாவது, திரவத்தைக் கண்காணித்துவிட்டு ஆவியை மறந்துவிடுவது. எரிவது திரவமல்ல, அதிலிருந்து எழுந்து காற்றோடு கலக்கும் ஆவி. அதுவும் காற்றில் அது ஏறத்தாழ 1.1 விழுக்காட்டுக்கும் 7.1 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட அளவில் இருந்தால்தான் எரியும். அதற்குக் குறைந்தால் எரிய ஆவி போதாது, மிஞ்சினால் காற்று போதாது. பெட்ரோல் மிக வேகமாக ஆவியாவதால், மூடிய பெட்ரோல் தொட்டிக்குள் ஆவி பெரும்பாலும் மேல்வரம்பைத் தாண்டிவிடுகிறது. டொலுவீனின் நிலை வேறு. 20 டிகிரியில் மூடிய கலத்தில் திரவத்துக்கு மேலுள்ள காற்றிடத்தில் அதன் ஆவி 3 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். 30 டிகிரியில் 5 விழுக்காட்டை நெருங்கும். அதாவது நம் ஊரில் நிழலில் நிற்கும் ஒரு டொலுவீன் டிரம்மின் உட்புறம், ஆண்டின் பெரும்பகுதி, எரியும் வரம்பின் நட்டநடுவே இருக்கிறது. ஒரு பொறி மட்டுந்தான் பாக்கி.

இதை உணர்ந்தவர் காலி டிரம்மை அலட்சியமாகப் பார்க்க மாட்டார். நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டிரம்மிலோ இருநூறு லிட்டர் இடமும் ஆவிக்கே. அடியிலும் விளிம்பு மடிப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏறத்தாழ பத்து மில்லிலிட்டரே அந்த இடத்தை எரியும் கலவையால் நிரப்பப் போதுமானது. காலி டிரம்மைக் குப்பைத் தொட்டியாகவோ அடுப்பாகவோ மாற்றக் கேஸ் கட்டிங் வைப்பதும், கிரைண்டரால் அறுப்பதும் உயிரைப் பறிக்கும் தவறுகள். ஒருமுறை தண்ணீர் ஊற்றி அலசிவிட்டோம் என்று சொல்வது சமாதானமாகாது, ஏனெனில் டொலுவீன் தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். மடிப்பில் இருப்பது அங்கேயே இருக்கும், சுடர் பட்டதும் ஆவியாகும். காலி டிரம்மை மூடியை இறுக்கி, நிறைந்த டிரம்மைப் போலவே நிறுத்திவைத்து, டிரம் சுத்திகரிக்கும் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

அந்த ஒரு பொறி எங்கிருந்து வரும் என்று கேட்டால் பலரும் தீக்குச்சியையும் கைப்பேசியையும் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது நிலைமின்னேற்றத்தை, அதாவது உராய்வால் சேர்ந்து தேங்கி நிற்கும் மின்சாரத்தை. டொலுவீன் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் திரவம். குழாயில் ஓடும்போதும், வடிகட்டியின் வழியே புகும்போதும், உயரத்திலிருந்து சிதறி விழும்போதும் அதில் மின்னேற்றம் சேர்கிறது, சேர்ந்தது உடனே வடிவதில்லை. இதன் ஆவியைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். விரல் நுனியில் சுரீரென்று நாம் உணரும் பொறிக்கே ஏறத்தாழ ஒரு மில்லிஜூல் தேவை. எனவே நம் உடலுக்குத் தெரியாத பொறியும் டொலுவீனைப் பற்றவைக்கும்.

2007 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டெமாயின் நகரில், பார்ட்டன் சால்வென்ட்ஸ் நிறுவனத்தின் கிடங்கில் நடந்தது இதற்குப் பொருத்தமான பாடம். ஒரு தொழிலாளி, எடுத்துச் செல்லக்கூடிய எஃகுத் தொட்டி ஒன்றில் எத்தில் அசிடேட் என்னும் கரைப்பானை நிரப்பத் தொடங்கினார். நாசில் நழுவிவிடக்கூடாது என்று அதில் ஒரு எஃகு எடையைத் தொங்கவிட்டு, வால்வைத் திறந்துவிட்டு அறையின் மறுபக்கம் நடந்தார். படீரென்ற ஓசை கேட்டுத் திரும்பியபோது தொட்டி தீக்குள் இருந்தது. நாசில் தரையில் கிடந்து கரைப்பானைக் கொட்டிக்கொண்டிருந்தது. கிடங்கு அழிந்தது, உயிரிழப்பு மட்டும் இல்லை. நாசிலும் குழாயின் உலோகப் பகுதிகளும் தொட்டியோடும் நிலத்தோடும் மின்தொடர்பில் இல்லாததே காரணம் என்று அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. எத்தில் அசிடேட், டொலுவீனைவிட மிக எளிதாக மின்னேற்றத்தை வடியவிடும் திரவம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதற்கே அந்த நிலை என்றால், டொலுவீனை ஊற்றும்போது எர்த் இல்லாமல் இருப்பதை என்னவென்று சொல்வது?

ஆகவே ஒரு டிரம்மிலிருந்து மற்றொரு கலத்துக்கு மாற்றும்போது இரண்டு கலங்களையும் முதலில் கம்பியால் இணைத்து, அந்த இணைப்பை எர்த்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கிளிப் மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. பெயின்ட் மேலோ துருவின் மேலோ கடித்து நிற்கும் கிளிப் வெறும் அலங்காரம். அதன் பல் உலோகத்தைத் தொட வேண்டும். ஊற்றும் குழாய் கலத்தின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். குழாயின் வாய் திரவத்தில் மூழ்கும் வரை ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. பட்டறைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனும் பிளாஸ்டிக் புனலும் இந்த ஏற்பாடு முழுவதையும் வீணாக்கிவிடுகின்றன, ஏனெனில் சாதாரணப் பிளாஸ்டிக்கை எர்த் செய்ய வழியே இல்லை. கம்பியை அதில் சுற்றிவைப்பது மனத் திருப்திக்கு மட்டுமே உதவும். பெரிய தொட்டியை நிரப்பி முடித்தவுடனே உலோக அளவுகோலை விட்டுப் பார்ப்பதும் இதே வகைத் தவறு. மின்னேற்றம் வடிய நேரம் கொடுத்த பிறகே அளக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருப்பது வழக்கமான விதி.

காற்றோட்டத்தில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. டொலுவீன் ஆவி காற்றைவிட மும்மடங்குக்குச் சற்று மேலான கனமுடையது. அது தரையோடு தவழ்ந்து, படிக்கட்டில் இறங்கி, வடிகாலுக்குள் புகுந்து, தொலைவில் எரியும் அடுப்பைக்கூடத் தேடிச் செல்லும். நாமோ கூரையை ஒட்டி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்திவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். போதாக்குறைக்கு அது பொறி பறக்கும் சாதாரண மோட்டாராகவும் இருந்துவிடுகிறது. உறிஞ்சும் வாய் தரையருகே இருக்க வேண்டும். மோட்டாரும் சுவிட்சும் தீப்பற்றும் ஆவி உள்ள சூழலுக்கென்று தயாரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் டொலுவீன் முழுவதும் ஆவியானால் சுமார் 21 கன மீட்டர் காற்றை எரியும் நிலைக்குக் கொண்டுவரும். பத்தடிக்கு எட்டடி அளவுள்ள ஒரு சிறிய அறை ஏறத்தாழ அவ்வளவுதான். தரையில் கொட்டிவிட்டால் உடனே சுவிட்சைப் போட்டு ஃபேனை ஓடவிடுவது கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எந்தச் சுவிட்சையும் தொடாமல், ஆள்களை வெளியேற்றி, கதவைத் திறந்துவிட்டு, உலர்ந்த மணலைப் போட வேண்டும். மரத்தூள் வேண்டாம், அதுவே எரிபொருள்.

“வாடை அவ்வளவாக இல்லையே” என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். காற்றில் மிகச் சிறிய அளவு கலந்திருந்தாலே டொலுவீனின் மணம் தெரியும் என்பது உண்மை. சற்று நேரத்தில் மூக்கு பழகி அதை உணராமல் போவதும் உண்மை. மூக்கை நம்பாமல் கருவி வாங்கியவர்களும் வேறொரு குழியில் விழுகிறார்கள். தீப்பற்றும் வாயுவை அளக்கும் கருவி, எரியும் கீழ்வரம்பான 1.1 விழுக்காட்டில் பத்து விழுக்காடு என்று காட்டினால் அது தீ விபத்தைப் பொறுத்தவரை இடைவெளி உள்ள அளவுதான். ஆனால் அந்த அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 1,100 பங்கு டொலுவீன். உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் குறித்திருப்பது 500 பங்கு. முழுநாள் வேலைக்கு அது பரிந்துரைக்கும் சராசரி வரம்பு 100 பங்கு. தீக்குப் பாதுகாப்பான காற்று மூச்சுக்குப் பாதுகாப்பானதாக ஆகிவிடாது. தலைச்சுற்றலும் போதை ஏறியது போன்ற தடுமாற்றமும் வந்தால் உடனே அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும். நெடுநாள் பழக்கம் நரம்பையும் செவித்திறனையும் பாதிக்கும், அதிலும் இரைச்சலான கூடங்களில் செவிக்குச் சேதம் கூடுதல்.

துணி முகக்கவசமும் தூசி முகக்கவசமும் ஆவியைத் தடுப்பதில்லை. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். ரப்பர் கையுறையும் மெல்லிய நைட்ரில் கையுறையும் டொலுவீனைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவ விட்டுவிடும். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய பெயின்ட்டைத் தின்னரால் கழுவும் வழக்கத்தை விட்டுவிட்டுச் சோப்புக்கு மாற வேண்டும், தின்னர் தோலின் எண்ணெய்ப்பசையை உரித்துவிடுவதால்.

தீப்பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது இயல்பாக எழும் தவறு. டொலுவீன் தண்ணீரைவிட இலேசானது. மேலே மிதந்தபடியே எரிந்து, தண்ணீர் ஓடும் இடமெல்லாம் தீயைக் கொண்டுபோகும். நுரை, உலர்தூள், கார்பன் டை ஆக்சைடு ஆகியவையே இதற்குரியவை. பக்கத்து டிரம்களைக் குளிர்விக்க மட்டும் தண்ணீரைத் தூவலாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, டிரம்மிலிருந்து எடுக்கச் சிறு டியூபை வாயால் உறிஞ்சும் பழக்கம். ஒரு மடக்கு தவறி உள்ளே போனால் வயிற்றைவிட நுரையீரலுக்கே ஆபத்து மிகுதி. சிறிதளவு நுரையீரலுக்குள் வழிந்தாலும் கடும் அழற்சி உண்டாகும். அப்படி நேர்ந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வெளியேறும்போது அது மறுபடியும் மூச்சுக்குழாயைக் கடக்கும். டிரம்மின் மேலுள்ள பெயர்ச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இருமல் அடங்கிவிட்டதே என்று நடுவழியில் திரும்பிவிடவும் கூடாது, ஏனெனில் நுரையீரல் அழற்சி சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.