ராமேஸ்வரத்தில் கூட்டம் போகாத கரைகளைக் கண்டறிவது எப்படி

ராமேஸ்வரத்தில் இறங்கிய சிறிது நேரத்திற்குள் ஆட்டோ ஓட்டுநர் யாராவது ஓர் அட்டையை நீட்டுவார். ராமர் பாதம், லட்சுமண தீர்த்தம், மிதக்கும் கல் இருக்கும் ஆஞ்சநேயர் கோயில், கலாம் இல்லம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி என்று இடங்கள் அதில் வரிசையாக இருக்கும், கூலியும் எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டையைக் குறை சொல்வதற்கில்லை. அதிகாலையில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, தரிசனம் முடித்து, அன்றிரவே ரயிலேற வேண்டிய யாத்திரிகருக்கு அது போதும். இரண்டு மூன்று நாட்கள் தங்க முடிந்தவர்களுக்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

இந்தக் கரைக்கு வருபவர் முதலில் காற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பன் தீவுக்கும் அதை ஒட்டிய நிலப்பகுதிக்கும் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆனால் அந்த அமைதி ஆண்டு முழுவதும் நிலைப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும்போது தென்கரையில் மணல் பறக்கும், கடல் குமுறும், அதே நாளில் சில கிலோமீட்டர் வடக்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாக மாறும். இதை அறியாமல் ஓர் ஆடி மாதத்தில் குடும்பத்தோடு தென்கரைக்குப் போய், வாயிலும் கண்ணிலும் மணலை நிரப்பிக்கொண்டு, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரிக்கக்கூட முடியாமல் திரும்பியவன் நான். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கச்சானுக்கு இங்க எதுக்குத் தம்பி வந்தீங்க? வடக்க போக வேண்டியதுதானே" என்று கேட்டபோதுதான் விவரம் புரிந்தது.

ஆகவே கச்சான் காலத்தில் வடகரை ஊர்களையும் வாடைக் காலத்தில் தென்கரை ஊர்களையும் தேர்ந்துகொள்ள வேண்டும். வடகரையில் தீவுக்குள்ளேயே ஓலைக்குடாவும் சங்குமாலும், பாம்பன் பாலத்துக்கு மேற்கே சவுக்குத் தோப்பு நிழல் உள்ள அரியமானும், பாம்பன் சுவாமிகள் தவமிருந்த பிரப்பன்வலசையும், வைகை கடலில் சேரும் ஆற்றங்கரையும், அதற்கும் வடக்கே தேவிபட்டினமும் காரங்காடும் உள்ளன. தென்கரையில் குந்துகால், வேதாளை, பெரியபட்டினம், சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர் என்று ஊர்கள் மேற்கே நீண்டு செல்கின்றன. அரியமானில் விடுமுறை நாட்களில் உள்ளூர்க் கூட்டமே நிரம்பிவிடும் என்பதால் வார நாளில் போவது நல்லது.

அடுத்ததாக ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். இந்த மாவட்டத்தில் பெயரின் ஈறே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். பட்டினம் என்று முடியும் ஊர் பெரும்பாலும் ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன துறை. இன்று அமைதியான மீனவ ஊராக இருக்கும் பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. மடம், சத்திரம் என்று முடிந்தால் அது சேது யாத்திரை நடந்த பாதை என்று கொள்ளலாம். பாலம் வருவதற்கு முன்பு கால்நடையாகவும் தோணியிலும் வந்தவர்கள் தங்கிய இடங்கள் அவை. தீவுக்குள் அடுத்தடுத்து இருக்கும் அக்காள்மடத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் சகோதரிகள் இருவர் மடம் கட்டிய கதை ஒன்று சொல்கிறார்கள். வலசை என்பது இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடியமர்ந்த ஊர். பேருந்தின் பெயர்ப் பலகையிலோ கைபேசி வரைபடத்திலோ இந்த ஈறுகளைப் பார்த்தால் அங்கே இறங்கி ஒரு தேநீர் குடிக்கும் அளவுக்காவது நேரம் ஒதுக்கலாம். அழகன்குளத்தின் பெயரில் துறைமுகத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் ரோமானியக் காசுகளும் கப்பல் வரையப்பட்ட பானை ஓடும் கிடைத்த இடம் அதுதான். மண் மூடிய மேடுகளைத் தவிர இன்று அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகழாய்வில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் போகலாம்.

யாரிடம் என்ன கேட்பது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அட்டையில் உள்ள அதே பெயர்கள்தான் வாயிலிருந்து வரும். கேட்பவரை யாத்திரிகராகக் கருதிக் கோயில்களைச் சொல்வதே மரியாதை என்று நினைக்கிறார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். "அண்ணே, இன்னைக்கு எந்தக் கடல் சும்மா கிடக்கு?", "கரைவலை எந்தப் பக்கம் இழுக்கிறாங்க?", "படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்?" ஆகிய மூன்று கேள்விகளும் எனக்கு இதுவரை பொய்க்கவில்லை. கீழக்கரையில் பெரியவர்களை அங்குள்ளவர்களைப் போலவே "காக்கா" (அண்ணன்) என்று அழைத்தால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

கரைவலை இழுப்பதைப் பார்க்கத் தனுஷ்கோடிச் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குப் பேர்போன இடத்தையே சொல்கிறேனே என்று தோன்றலாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த அந்த ஊருக்கும் அரிச்சல்முனைக்கும் 2017இல் சாலை திறக்கப்பட்ட பிறகு வேன்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்பது உண்மையே. ஆனால் யாத்திரிகர்கள் காலையில் தீர்த்தமாடித் தரிசனம் முடித்துச் சாப்பிட்டுவிட்டு அங்கே வரும்போது பத்து மணியைத் தாண்டிவிடும். ஏழு மணி வாக்கில் போய்விட்டால் அந்த நீண்ட மணல் திட்டில் மீனவர்களைத் தவிர வேறு ஆள் இருக்காது. வலையின் ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டு, வள்ளத்தில் கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மறு முனையோடு வேறொரு இடத்தில் கரையேறி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். கடைசியில் மீன் சேரும் மடிப்பகுதி கரையேறும்போது சூடை மீனும் பாறை மீனும் கணவாயும் சேர்ந்து துள்ளும். சில நாள் பாசியும் சொறி மீனும் மட்டுமே வரும். அங்கே நிற்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. வலையைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது. இழுக்கும் கயிற்றைத் தாண்டக் கூடாது. பாடு சரியில்லாத நாளில் கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. கயிற்றில் கை கொடுக்கட்டுமா என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். அங்கே மணலைச் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதையும் பார்க்கலாம். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மணலுக்கடியில் அதன் மேல் மிதந்து நிற்கிறது. தங்கச்சிமடத்தில் கடலுக்குள் இருக்கும் வில்லூண்டி தீர்த்தத்துக்கும் இதையே விளக்கமாகக் கருதலாம். ராமர் வில்லை ஊன்றிய கதையைக் கேட்டுவிட்டு இதையும் நினைத்துப் பார்த்தால் அந்தக் கிணற்று நீர் இன்னும் ருசிக்கிறது.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் படகுகள் கட்டியே கிடக்கும். மீன் ஏலம் பார்க்க அப்போது வருவது வீண். ஆனால் அந்த மாதங்களில் நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் உள்ள சிற்றூர்க் கரைகளில் மீன் வந்துகொண்டிருக்கும். பூநாரை பார்க்க விரும்புபவர்கள் மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்களில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய உப்பங்கழிப் பக்கம் போகலாம். ஜூலை 25 வாக்கில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா நடக்கும். கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் இஸ்லாமியர்களும் கலந்துகொள்ளும் விழா அது.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் காரங்காட்டைச் சொல்வேன். தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து போக வேண்டிய மீனவ ஊர் அது. அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். கழிமுகத்தின் இருபுறமும் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்தாற்போல நிற்கும். கொக்கும் நாரையும் மிக அருகில் இருக்கும். ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டு, மீன் குழம்புச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போய்ப் பசியோடு நின்றால் அது அவர்கள் தவறன்று. வெயில் ஏறுவதற்குள் படகேறிவிடுவது நல்லது.

கடலில் தீவைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தாமாக ஒரு படகுக்காரரிடம் பேசி முடித்துக்கொள்ளக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. அது ஓடும் நாளில் மட்டும் போகலாம். சவாரி இல்லாத நாளிலும் குந்துகால் வீணாகாது. மேலை நாடுகளிலிருந்து இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம் அது; நினைவு மண்டபத்துக்குப் பின்னால் கடல் தெளிவாக இருக்கும். பக்கத்துச் சின்னப்பாலத்தில் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு என்பதால் அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். பவளப் பாறைத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் யார் விற்றாலும் வாங்கக் கூடாது, சட்டம் கடுமையானது. எல்லையோரக் கடல் என்பதால் ஆதார் அட்டையோ வேறு அடையாள அட்டையோ எப்போதும் பையில் இருக்கட்டும்.

தங்குவதற்கு ராமேஸ்வரத்தைவிட ராமநாதபுரமே வசதி என்பது என் அனுபவம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் கீழக்கரை, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி ஆகிய எல்லாமே அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களையும் அப்படியே பார்த்துவிடலாம். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி அடங்கியிருக்கும் நடுத்தெருப் பள்ளிவாசலைக் கண்டு பலர் வியப்பது அதன் கல்தூண்களுக்காக. கோயில் மண்டபம் கட்டிய அதே கைகள் செதுக்கியவை போல இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, தலையை மூடி, அனுமதி கேட்டு உள்ளே போகலாம். திரும்பும்போது கடைத்தெருவில் தொதல் வாங்காமல் வரக் கூடாது. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய அந்தக் கறுத்த இனிப்பு இரண்டு மூன்று நாள் கெடாது.

சாயல்குடிக்கு அப்பால் மாரியூர், மூக்கையூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனங்காடு, உப்பளம், கடலோரக் கோயில், வேனிற்காலத்தில் வழியோரப் பதநீர் என்று அந்தப் பகுதி மனதை இழுக்கும். நேரம் போவதே தெரியாது. பேருந்துகள் குறைவு என்பதால் இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க மறந்த ஒரு மாலையில் ஐஸ் பெட்டிகள் ஏற்றிய மீன் வேன் ஒன்றில் சாயல்குடி வரை வந்தேன். ஓட்டுநர் காசு வாங்கவில்லை. சட்டையில் ஏறிய சீலா மீன் வாடை போக மூன்று சலவை பிடித்தது.